இரண்டு சைக்கிள் அகலம்

எங்கள் சபைக்குச் சொந்தமான ஒரு வீதியை என் ஆசைக்காக ஒருமுறை அகலமாக்கினேன். பிறகு என் கோபத்துக்காக அதே வீதியை ஒடுக்கினேன். இரண்டு முறையும் சபையில் வேறு காரணம் சொன்னேன். இரண்டு முறையும் அதை ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

பிரதேச சபையில் நான் தொழில்நுட்ப உத்தியோகத்தர். மதகு, வடிகால், சந்தைக் கூரை, மயானத்துச் சுற்றுமதில் என்று எதைக் கட்டுவதானாலும் அளவு நாடாவோடு முதலில் போய் நிற்கிறவள் நான்தான். சபையில் எல்லோருக்கும் நான் "மிஸ்". என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் அம்மா ஒருவர்தான். அவர் போய்ச் சேர்ந்தபிறகு குசினியில் ஒரு பீங்கானும் ஒரு கோப்பையும்தான் கழுவக் கிடக்கும். கலியாணம் ஏன் சரிவரவில்லை என்ற கதை இங்கே வேண்டாம். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே எனக்குக் காது புளித்துப் போய்விட்டது. வேலை முடிந்து வந்து கேற்றைப் பூட்டினால், மறுநாள் அதைத் திறக்கும்வரை வாய் திறக்க அவசியமில்லை. வானொலிக்குப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். செய்தி வாசிப்பவர்கள் நல்ல மனிதர்கள், குறுக்கே பேசமாட்டார்கள்.

நாட்டில் பெற்றோல் இல்லாமல் போன அந்த வருடம்தான் எனக்கு ஒரு ஆள் கிடைத்தார். ஊரெல்லாம் பரணில் இருந்த சைக்கிள்களை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தது. நான் எப்போதும் சைக்கிள்காரிதான். எனக்கு அந்த வருடம் மாறியது ஒன்றே ஒன்று. குளக்கட்டு முடியும் இடத்தில் இருக்கும் மதகடியில் ஒருநாள் காலை ஒரு அக்கா சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்றார். செயின் கழன்றிருந்தது. கொழுவிக் கொடுத்தேன். அவர் ஆஸ்பத்திரியில் வெளிநோயாளருக்குப் பெயர், வயது கேட்டுத் துண்டு எழுதிக் கொடுப்பவர். ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் சபைக் கந்தோர், என் அலுவலகம். சேர்ந்து போனோம். அடுத்த நாளும் மதகடியில் நின்றார். அதற்கடுத்த நாள் அவருக்கு முன்னமே நான் போய் நின்றேன்.

அவர் முல்லைத்தீவு முஸ்லிம். வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய வருடம், சின்ன வயதில் குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போய், அங்கேயே வளர்ந்து, கலியாணம் முடித்து, சண்டை ஓய்ந்தபிறகு கணவரோடு திரும்பி வந்தவர். அவரது பேச்சில் இரண்டு ஊரும் கலந்திருக்கும். மதகடியிலிருந்து ஆஸ்பத்திரிவரை மூன்று கிலோமீற்றர். ஆறுதலாக மிதித்தால் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்காக நான் காலையில் நேரத்தோடு தலை வாரி இழுத்தேன், சீலைக்குப் பொருத்தமான சட்டை தேடினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எனக்கு ஆள் வேண்டியிருந்தது.

பெரிதாக ஒன்றும் கதைத்ததில்லை. துண்டு எழுதும்போது வயதைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு வயது சொல்லும் கிழவர், கருவாட்டுக் குழம்புக்குக் கத்தரிக்காய் போடலாமா கூடாதா, என் கந்தோரில் கதிரைக்குச் சண்டை பிடிப்பவர்கள், இப்படித்தான். ஆனால் ஒருநாள், எப்படித் தொடங்கியதென்று தெரியவில்லை, அவர் ஊரை விட்டுப்போன நாளைப் பற்றிச் சொன்னார். நான் ஊரை விட்டுப்போன நாட்களைச் சொன்னேன். வேறு வேறு வருடம், வேறு வேறு ஆட்கள் போகச் சொல்லிப் போனவர்கள் நாங்கள் இருவரும். முகத்துக்கு முகம் பார்த்து அதைக் கதைத்திருக்க முடியாது. சைக்கிளில் பக்கத்தில் பக்கத்தில் போகும்போது இருவருக்கும் கண் வீதியில் இருக்கும். பாரமான கதைக்கு அது பெரிய வசதி. அன்று ஆஸ்பத்திரி வந்ததும் அவர் இறங்கி, "நாளைக்கு வாறன் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

அந்த நேரத்தில்தான் அந்த வீதிக்குத் தார்க் காப்பெற் போட நிதி உதவி வந்தது. அதுவரைக்கும் அது குண்டும் குழியுமான கிரவல் வீதி. மணல் ஏற்றும் டிப்பர்கள் குறுக்குவழியாகப் பாவித்து இன்னும் கெடுத்திருந்தன. அது சபையின் வீதி. ஒட்டுசுட்டான் பக்கம் போகும் பெரிய வீதி எங்களுடையதல்ல. அங்கே ஒரு வேகத்தடை போடுவதென்றாலும் கடிதம் தலைநகருக்குப் போகவேண்டும், பதில் வருவதற்குள் கேட்டவர் ஓய்வூதியத்துக்குப் போய்விடுவார். இந்த மூன்று கிலோமீற்றர் அப்படியில்லை. எங்கே திரும்பவேண்டும், எங்கே கோடு விழவேண்டும் என்று நாங்களே தீர்மானிக்கலாம். நாங்கள் என்றால், காகிதத்தில் வரைவது நான்.

சைக்கிளுக்கு ஒரு ஓரம் தனியாக விடுவதென்று முடிவாகியிருந்தது. பெற்றோல் இல்லாத காலத்தில் அதற்கு மறுப்புச் சொல்ல ஒருவரும் இல்லை. எவ்வளவு அகலம் என்பதுதான் கேள்வி. மறுநாள் காலை மதகடியில் நாடாவோடு நின்றேன்.

"அக்கா, உங்கட சைக்கிளை என்ர சைக்கிளுக்குப் பக்கத்தில பிடியுங்கோ. நாடாவின்ர நுனியையும் பிடியுங்கோ."

"என்னத்துக்கு?"

"சும்மா."

"சும்மா நாடா பிடிக்கிற ஆளா நீங்க?"

சிரித்துக்கொண்டே பிடித்தார். இன்னும் கிட்ட வந்தால் ஹாண்டில் கொழுவும். இன்னும் தள்ளினால் கதை கேளாது. நடுவில் ஒரு இடம் இருந்தது. வேலிப்பக்கம் ஒரு சாண் விட்டு, வாகனப்பக்கம் ஒரு சாண் விட்டு அளந்தேன். ஐந்தரை அடி வந்தது. அதை உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டேன்.

சபைக் கூட்டத்தில் தவிசாளர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு சைக்கிளுக்கு மூண்டடி காணாதோ மிஸ்? ஐஞ்சரை எண்டால் ஓட்டோவே போகுமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சோடி சோடியாகத்தான் போவார்கள், ஒருவர் பின்னால் ஒருவராகப் போ என்று சொல்லிக் கேட்கிற சாதியா அது, ஓரம் காணாவிட்டால் நடுவீதிக்குத்தான் வரும், நாளைக்கு டிப்பர் அடித்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் என் மனதில் ஒரு பிள்ளையும் இல்லை. என் மனதில் இருந்தது நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள்தான். கடைசியில் தவிசாளர், "சரி, மிஸ் விடமாட்டா. எங்கட றோட்டுத்தானே, போடுவம்" என்றார். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து எனக்கு நானே நெத்தலி பொரித்துச் சாப்பிட்டேன்.

வேலை முடிய மாரியும் கழிந்துவிட்டது. நாடே பெற்றோல் வரவேண்டும் என்று கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டிருந்த நேரத்தில், கொஞ்சம் பிந்தி வரட்டும் என்று நினைத்த ஒருத்தி நான். என் நேர்த்தி பலிக்கவில்லை. வெள்ளைக்கோடு போட்டு ஈரம் காய்ந்தபோது பெற்றோல் தாராளமாக வந்துவிட்டது. அக்கா ஒரு கிழமை மட்டும் என்னோடு அந்தப் புதிய ஓரத்தில் வந்தார். வழுக்கிக்கொண்டு போகும் வீதி. சத்தமில்லை, குலுக்கமில்லை, கிசுகிசுத்தாலும் கேட்கும். அடுத்த திங்கட்கிழமை ஸ்கூட்டியில் வந்து என் பக்கத்தில் மெதுவாக்கினார்.

"முழங்கால் நோகுது தங்கச்சி. இனி இதிலதான். குறை நினையாதீங்க" என்றார். கொஞ்சத் தூரம் என் வேகத்துக்கு ஓடிப் பார்த்தார். ஸ்கூட்டி அப்படி ஆடி ஆடி ஓடாது, விழுத்திவிடும். பின்னால் வான் ஒன்று ஹோன் அடித்தது. கையைக் காட்டிவிட்டுப் போனார்.

முழங்கால் நோ பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் அன்றைக்கு அவரோடு கோபித்துக்கொண்டேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று அம்மா சொல்வார். அதைவிடக் கெட்டது, அது லேசில் இறங்காது.

காலபோக அறுவடை தொடங்கியதும் அந்த ஓரத்தில் நெல் வந்தது. ஒருநாள் காலை மதகு தாண்டியதும், நீளத்துக்குத் தறப்பாள் விரித்து, நெல்லைப் பரவி, வெள்ளைக்கோட்டின்மேல் வரிசையாகக் கல்லும் கட்டையும் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தார் வீதியில் நெல் காயப்போடுவது புதிதல்ல. காயப்போடத் தளம் இல்லை. ஈரமாகக் கொண்டுபோனால் மில்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் தார் கண்ட இடமெல்லாம் நெல்தான். ஆனால் இவர்கள் பயந்து பயந்து ஓரத்தில் போட்டவர்கள் அல்ல. உரிமையோடு போட்டிருந்தார்கள். நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த கமக்காரர் ஒருவர் என்னைக் கண்டதும் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

"மிஸ், சபைக்குப் பெரிய உபகாரம். எத்தினை வரியமாக் கேட்டது, ஒருத்தரும் செய்யேல்லை."

"எதை ஐயா?"

"இதைத்தான். நெல்லுக்கெண்டு கோடு போட்டுப் பிரிச்சு விட்டிருக்கிறியள். தறப்பாள் அச்சொட்டா வருது. அளந்து வைச்சமாதிரி."

அளந்துதான் வைத்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. எதற்காக அளந்தேன் என்று அந்த மனிசனுக்கு எப்படி விளக்குவது? "இது சைக்கிளுக்கு ஐயா" என்றேன். அவர் வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார். அந்த நேரம் என்னைத் தவிர ஒரு சைக்கிளும் இல்லை. "எந்தச் சைக்கிளுக்கு?" என்று உண்மையாகவே கேட்டார். நான் இறங்கி, சைக்கிளைத் தூக்கி, கல்லைத் தாண்டி நடுவீதிக்குப் போனேன்.

இரண்டு கிழமை கழித்து, பெட்டி கட்டிய சைக்கிளில் பாண் ரொட்டி விற்கும் பாண்காரர் அந்தக் கல்லொன்றில் ஏறி விழுந்தார். முழங்கையில் தோல் உரிந்தது, பாண் எல்லாம் நெல்லுக்குள் உருண்டது. அவர் சபைக்கு முறைப்பாடு எழுதினார். கமக்காரர் அமைப்பும் பதிலுக்கு ஒரு கடிதம் எழுதியது. புதன்கிழமை கூட்டம் என்று முடிவானது.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை அக்காவை ஆஸ்பத்திரி வாசலில் கண்டேன். கோபத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு, "கிழமைக்கு ஒருநாளெண்டாலும் சைக்கிளில வரலாம்தானே அக்கா" என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம். "செவ்வாய்க்கிழமை கட்டாயம் வாறன். மதகடியில நில்லுங்க" என்றார். செவ்வாய்க்கிழமை நின்றேன். இரண்டு பஸ் போனது. பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. வெயில் மதகுக் கட்டில் ஏறி என் காலடிக்கு வந்தது. தெரிந்தவர்கள் எல்லாம், "மிஸ், ஆரைப் பாக்கிறியள்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். "மதகைப் பாக்கிறன்" என்றேன். அன்று கந்தோரில் பிந்திக் கையெழுத்து வைத்தேன். மத்தியானம் அவரது அழைப்பு இரண்டு தரம் வந்தது. நான் எடுக்கவில்லை. மணி அடித்து ஓயும்வரை கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் கூட்டத்தில் கமக்காரர் அமைப்பின் ஆள் எழுந்து, சைக்கிளை வேண்டாம் என்று தாங்கள் சொல்லவில்லை, ஆனால் இவ்வளவு அகலம் எதற்கு, பாதியை விட்டால் நெல் காயும் என்றார். நியாயமான பேச்சு. தவிசாளர் என்னைப் பார்த்தார்.

"மிஸ் ஒவ்வொரு நாளும் அதால வாறவா. மிஸ்தான் சொல்லவேணும். சோடியாப் போறவை எண்டு ஆரும் இருக்கினமோ?"

பிள்ளைகள் இருந்தார்கள். உண்மையில் இருந்தார்கள். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் இரண்டு இரண்டு பேராக, சில நேரம் மூன்று பேராக, கல்லைச் சுற்றி வளைந்து வளைந்து போவதை நானே கண்டிருக்கிறேன். அதைச் சொல்லியிருக்கலாம். நெல்லுக்கு வேறு இடம் பார்ப்போம் என்றும் சொல்லியிருக்கலாம். சந்தைக்குப் பின்னால் சபையின் வெறும் வளவு கிடந்தது, அதில் தளம் போடுவதற்கு ஒரு வரைபடம் போதும், அதை வரைகிறவளும் நான்தான். முந்தின நாள் மதகடியில் நின்ற வெயில் இன்னும் என் தலையில் இருந்தது.

"ஒருத்தரும் இல்லை" என்றேன்.

அவ்வளவுதான். சைக்கிளுக்கு இரண்டரை அடி, நெல்லுக்கு மூன்றடி என்று தீர்மானம் எழுதினார்கள். பெரிய வீதியென்றால் அதற்கு ஒரு வருடம் பிடித்திருக்கும், அதற்குள் என் கோபமும் ஆறியிருக்கும், யாராவது ஒருவர் நல்ல புத்தியோடு மறித்தும் இருப்பார். எங்கள் வீதி எங்கள் கையில் இருந்தபடியால் பத்து நாளில் வேலை முடிந்தது. நானே நாடா பிடித்தேன். நுனியைப் பிடிக்க ஆளில்லாமல் அதன்மேல் கல்லொன்றை வைத்துவிட்டு நடந்து நடந்து அளந்தேன். நெல்லுக்கும் சைக்கிளுக்கும் இடையில் மஞ்சள் கோடு விழுந்தது. கமக்காரர்கள் இளநீர் வெட்டித் தந்தார்கள். குடித்தேன்.

அதற்குப் பிறகு காலையில் நெல்லுக்கும் டிப்பருக்கும் நடுவே ஒற்றைத் தடத்தில் போனேன். வாகனக் காற்று சீலையை இழுக்கும். நெல் தூசியில் மூக்கு அரிக்கும். சில நாள் அக்காவின் ஸ்கூட்டி தாண்டிப் போகும், ஹோன் அடிப்பார். நான் தலையை மட்டும் அசைப்பேன். ஒருநாள் நிறுத்தி, "போன் எடுத்தனே, நீங்க எடுக்கல்ல" என்றார். "வேலை" என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்லப் போனார். நான் மிதித்துவிட்டேன். இப்போது எண்ணிப் பார்க்கும்போது அந்த ஒரு மிதிக்காக என் காலை நானே முறிக்கலாம் போலிருக்கிறது.

மாத முடிவில் ஒரு காலை மதகடியில் அவர் சைக்கிளோடு நின்றார். 'வந்திட்டியளே அக்கா' என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

"என்ன, ஸ்கூட்டி பழுதோ?"

"இல்ல. சும்மா."

புறப்பட்டோம். நூறு யார் போகுமுன்னமே இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. இடதுபக்கம் தறப்பாளும் நெல்லும், மஞ்சள் கோட்டில் கல். வலதுபக்கம் டிப்பர். பக்கத்தில் வர இடமில்லை. அவர் முன்னால் போனார், நான் பின்னால் போனேன். அவரது முதுகும், பின் கரியரில் கட்டிய சாப்பாட்டுப் பையும்தான் எனக்குத் தெரிந்தது. முழங்கால் நோவோடு ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து மிதித்தார். ஒருமுறை தலையைத் திருப்பி, "தங்கச்சி" என்றார். சைக்கிள் ஆடியது, பின்னால் டிப்பர் ஹோன் அடித்தது, உடனே முன்னே திரும்பிக்கொண்டார். பள்ளிக்கூடம் தாண்டி இன்னொரு முறை திரும்பினார். முன் சில்லு நெல்லுக்குள் இறங்கியது. "பாத்து அக்கா, பாத்து!" என்று கத்தினேன். பிறகு அவர் திரும்பவில்லை. மூன்று கிலோமீற்றரும் அப்படியே போய் முடிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். துண்டுக்கு வந்தவர்கள் ஏற்கனவே வரிசையில் நின்றார்கள். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"நாங்க புத்தளத்துக்கே போறம் தங்கச்சி. உம்மாக்கு உடம்பு ஏலாமப் போச்சு. அண்டைக்கு உங்கள மதகடியில நிக்கச் சொல்லிப்போட்டு விடியவே பஸ் ஏறினதும் அதுக்குத்தான். இடமாத்தம் கேட்டன், கிடைச்சிட்டு. வாற கிழமை." சாப்பாட்டுப் பையைக் கரியரிலிருந்து கழற்றினார். "இந்த முறை ஒருத்தரும் போகச் சொல்லல்ல. நாங்களாத்தான் போறம்."

"ஏன் முதலே சொல்லேல்லை?" என்றேன். நியாயமில்லாத கேள்வி. தொலைபேசி எடுக்காதவள் நான்.

"போன்ல சொல்லுற கதையா இது? முந்தி மாதிரிப் பக்கத்தில போகேக்க சொல்லுவம் எண்டுதான் இண்டைக்கு இத எடுத்துக்கொண்டு வந்தன். அழுகை வந்தாலும் றோட்டப் பாத்துக்கொண்டு அழலாம்." வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "இடமில்லாமப் போச்சே. ஆர் தங்கச்சி அதை இப்பிடி ஒடுக்கிவிட்டது?"

"நான்தான் அக்கா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையாட்டிச் சிரித்தார்.

"போங்க. ஆரோ செய்ததுக்கு நீங்க தலை குடுக்கிறீங்க. அந்த ஐஞ்சரை அடிக்கு நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியாதா? நாடா பிடிச்சது நான்."

என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சைக்கிளைச் சுவரோடு சாத்தி, துண்டு எழுத உள்ளே போனார். அவரைக் கூப்பிட்டு உண்மையாகவே நான்தான் என்று சொல்ல இன்னும் ஒரு கிழமை இருந்தது. நான் சொல்லவில்லை.